மரை

தகுதிச் சான்றிதழ் வந்த சனிக்கிழமை
நால்வரும் பக்கியில் நெருக்கி உட்கார்ந்து
மாரிட்ஸ்பர்க் போனோம்.
கெவாஷன் என் மடியில். எட்டு வயது,
உடம்பெல்லாம் முழங்கால்.

கடைக்காரர் டிவால்ட்
கண்ணாடிப் பலகைமேல் பச்சைத் துணி விரித்தார்,
வளையல் கடையில் விரிப்பதைப் போல.
பாயிண்ட் டூ டூ. சுண்டுவிரல் நகமளவு ஈயம்.
இதில் மருந்து விளிம்பில் இருக்கிறது என்றார்,
நடுவில் குத்தினால் ஒன்றும் ஆகாது,
ஓரத்தில் தட்டினால்தான் வெடிக்கும்.
நான் பிரகாசனைப் பார்த்தேன்.
பதினாறு வருடமாக எனக்குப் பழகிய இயந்திரம்.

அவனுக்கு வால்நட் கட்டைதான் பிடித்தது.
கன்னத்தில் வைத்து, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து,
மறுபடியும் கன்னத்தில் வைத்தான்.
திலோஷ்னி இடது கைக்காரி.
அதன் போல்ட்டை இழுக்க
தன் முகத்தைத் தாண்டிக் கை போக வேண்டியிருந்தது அவளுக்கு.
இடதுக்கென்று ஒன்று இருக்கிறதா என்றேன்.
இருந்தது. கறுப்பு பிளாஸ்டிக், அழகில்லை.
பின்னால் தகடு சேர்த்தால் நீளும், கழற்றினால் குறுகும்,
கெவாஷனுக்கும் எட்டும்.
மற்ற மூவரும் பழகிக்கொள்வோம் என்றேன்.
கத்தரிக்கோல், பள்ளி மேசை, டப்பா திறப்பான்
எல்லாம் அவளுக்கு எதிராகவே திரும்பியிருக்கிற வீட்டில்
இது ஒன்றாவது அவள் பக்கம் இருக்கட்டும்.

கடைசியில் குழலின் முனை.
ஒன்றில் வழவழப்பு.
இன்னொன்றில் மரை வெட்டியிருந்தது,
அரை அங்குலம், அங்குலத்துக்கு இருபது சுற்று,
மேலே சின்னதாக ஒரு மூடி. எழுநூறு ராண்ட் கூட.
டின்னைத்தானே சுடப்போகிறோம் என்றான் பிரகாசன்.
ஒலியடக்கி மாட்டலாம் என்றார் டிவால்ட்,
காதுக்கு நல்லது.

காது.
வெருலத்தில் எங்கள் தெருவில்
இரவு கேட்பதைக் கெவாஷன் எண்ணுவான்.
பட்டாசா என்று கேட்க மாட்டான்,
தீபாவளி போய் எத்தனை மாதம் என்று அவனுக்குத் தெரியும்.
காலையில் வந்து சொல்வான், மதிப்பெண் சொல்கிற குரலில்:
நேற்று ஐந்து, அம்மா.
அதே சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கி
அவன் கன்னத்தோடு வைக்க என்னால் ஆகாது.

மரை உள்ளது என்றேன்.
சொன்ன பிறகுதான் சுவரைப் பார்த்தேன்.
குடு மானின் தலை,
அதன் கொம்புகள் திருகிக்கொண்டே மேலே போயின.
மரை என்றால் மானும்தான் எங்கள் மொழியில்.
டிவால்டிடம் எப்படிச் சொல்வது இதை?
ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.

உரிமம் வர ஏழு மாதம்.
துப்பாக்கி கடையிலேயே இருந்தது.
ஒரு கான்ஸ்டபிள் வந்து
சுவரில் பதித்த இரும்புப் பெட்டியைத் தோளால் தள்ளிப் பார்த்து
அசையவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.
கெவாஷன் அதற்குள் ஒரு தகடு வளர்ந்திருந்தான்.

கேம்பர்டவுன் மைதானத்தில்
மூடியைக் கழற்றி என் பர்ஸில் போட்டான் பிரகாசன்,
ஒலியடக்கியைத் திருகினான்.
திலோஷ்னி படுத்தாள்.
தடித்த புத்தகத்தை யாரோ மூடிய சத்தம்.
பிறகு, தனியாக, தூரத்தில்,
பீன்ஸ் டின் தன் குரலில் பேசியது.
அவ்வளவு தெளிவாக அதை நாங்கள் கேட்டதில்லை.
ஹடீடா பறவைகள் புல்லைவிட்டு எழும்பவில்லை.
கெவாஷன் பதினொரு டின் வீழ்த்தினான்.
டின்களைத்தான் எண்ணினான்.

திரும்பும்போது மரியன்ஹில் சுங்கச்சாவடி.
சில்லறையோடு மூடியையும் சேர்த்து நீட்டிவிட்டேன்.
அந்தப் பெண் விரலில் உருட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தாள்.
மா, இது காசு இல்லை. என்ன இது?
மூடி என்றேன்.
எதுக்கு மூடி?
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
ஒன்று என்றான் கெவாஷன்,
தூக்கத்தில்.